எனக்குன்னு எடுத்து வெச்ச பல்பு

எங்க அண்ணனைப் பத்தி யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க, தங்கமான மனுஷன்னுதான் சொல்லுவாங்க. பல் டாக்டர் சொல்லுவாரு, ரொட்டிக் கடை வண்டிக்காரர் சொல்லுவாரு, வக்கீலம்மா கேட்டா சத்தியம் பண்ணியே சொல்லுவாங்க. நான் ஒருத்திதான் சொல்ல மாட்டேன். முன்னாடி எல்லாம் நானும் 'அவரு'ன்னுதான் பேசுவேன். இப்போ 'அவன்'னுதான் வாய்ல வருது. எட்டு வயசு மூத்தவனை இப்படியா பேசுறதுன்னு தோணினா, முழுசாக் கேட்டுட்டு அப்புறம் சொல்லுங்க.

அவன் கார் எலக்ட்ரீஷியன். ஹாரன், வைப்பர் மோட்டார், பேட்டரி எல்லாம் பார்ப்பான், ஆனா பேர் வாங்கினது ஹெட்லைட்லதான். கடை சின்னது. ஒரு கார் உள்ளே வந்துட்டா ஆள் ஒருக்களிச்சுத்தான் நடக்கணும். எதிர்ச் சுவர்ல வெள்ளை அடிச்சு, இடுப்பு உயரத்துல ஒரு கறுப்புக் கோடு போட்டு வெச்சிருப்பான். பல்பு மாட்டினதும் ஷட்டரை முக்கால்வாசி இறக்கி, பட்டப்பகல்லயே கடையை இருட்டாக்கி, வெளிச்சம் அந்தக் கோட்டுக்குக் கீழே உட்காருற வரைக்கும் ஸ்க்ரூவைத் திருப்பிக்கிட்டே இருப்பான். விரலளவு மேல ஏறினாலும் வண்டியை விட மாட்டான். "எதிர்ல வர்றவனும் வீடு போய்ச் சேரணும்ல?" அப்படிம்பான்.

வாயும் சும்மா இருக்காது. நீலமா எரியுற பல்பு வேணும்னு புதுக் கார் வாங்கின ஒருத்தர் வந்தார். "தாராளமா மாட்டித் தரேன் சார். மழை பெய்யுறப்போ ஒவ்வொரு துளியும் அழகாத் தெரியும். ரோடுதான் தெரியாது." இன்னொருத்தர் டபுள் வாட்ஸ் கேட்டார். "பல்பு நல்லா எரியும் சார். கூடவே ஒயரும் எரியும், பரவாயில்லையா?" எல்.இ.டி. பல்பு வாங்கிட்டு வந்து, சாதா பல்பு மாட்டுற பழைய லைட்டுக்குள்ள சொருகச் சொன்னவரை, சுவருக்கு முன்னாடி நிக்க வெச்சு, வெளிச்சம் கோட்டை மதிக்காம நாலா பக்கமும் சிதறுறதைக் காட்டி, பாக்கெட்டைத் திருப்பிக் கையில குடுத்து அனுப்பினான். எல்லாரும் சிரிச்சுக்கிட்டே கடைசியில அவன் சொன்னதைத்தான் வாங்குவாங்க. வண்டியோட வந்த புஸ்தகத்துல போட்டிருக்குற அதே வாட்ஸ், சாதாரண வெளிச்சம், நல்ல கம்பெனி. பல்பு அடிக்கடி போகுதுன்னு யாராவது வந்தா உடனே விக்க மாட்டான். முதல்ல வோல்டேஜ் ஏறுதான்னு பார்ப்பான், பின்பக்க ரப்பர் மூடி வழியா தண்ணி இறங்குதான்னு பார்ப்பான், அதுக்கப்புறம்தான் பல்பு.

கண்ணாடியை வெறும் விரலால தொடவே மாட்டான். விரல்ல இருக்குற எண்ணெய்ப் பசை ஒட்டிக்கிச்சுன்னா, எரியுறப்போ அந்த இடம் மட்டும் அதிகமாச் சுட்டு பல்பு சீக்கிரம் போயிடுமாம். அதுக்குன்னு வெள்ளைப் பருத்திக் கையுறை வெச்சிருந்தான். அண்ணி அதைத் தினமும் துவைச்சுக் காயப் போடுவாங்க. அப்புறம், ஒத்தைப் பல்பு மாத்த மாட்டான், ஜோடியாத்தான். "ரெண்டும் ஒரே நாள்ல வேலைக்குச் சேர்ந்தது. ஒண்ணு போச்சுன்னா இன்னொண்ணு பெட்டி கட்டிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்"பான். அப்படிக் கழட்டுறதுல ஒண்ணு இன்னும் எரிஞ்சுக்கிட்டுத்தானே இருக்கும்? அதை யார் கேட்டாலும் தர மாட்டான். ஸ்பேரா வண்டியில போட்டு வெச்சுக்கிறேன்னு வக்கீலம்மா கேட்டதுக்கே, "அரை உசுருப் பல்பை நம்பி நடு ரோட்ல நிக்கப் போறீங்களா மேடம்? விடுங்க, நான் உடைச்சுப் போட்டுடுறேன்"னான். அந்தம்மாவுக்கு அன்னையிலருந்து அவன் சொன்னா வேதவாக்கு.

இதெல்லாம் போதாதுன்னு ஒரு நோட்டு. மாட்டுற ஒவ்வொரு பல்பு அடியிலயும், அந்த உலோக வளையத்துல, ஊசியால ஒரு நம்பர் கீறுவான். ஜோடிக்கு அடுத்தடுத்த நம்பர். எந்த வண்டி, எந்தப் பக்கம், என்னைக்கு மாட்டினது, என்னைக்குப் போச்சுன்னு எல்லாம் நோட்டுல ஏறும். எந்தக் கம்பெனி பல்பு எத்தனை மாசம் உழைக்குதுன்னு தெரிஞ்சுக்கத்தான். பல்புக்குப் பொறப்பும் இறப்பும் எழுதுற ஆளை வேற என்னன்னு கூப்பிடுவாங்க? ஜாதகம்னு பட்டப்பேர் வெச்சுட்டாங்க. "ஜாதகம் இருக்காரா?"ன்னுதான் கடைக்கு வர்றவங்க கேப்பாங்க. அவன் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், என் கையெழுத்து மணி மணியா இருக்கும். அதனால வருஷக் கடைசியில அந்தக் கிறுக்கல் நோட்டை என்கிட்ட குடுப்பான், நான் நல்ல நோட்டுல பிரதி எடுப்பேன். எரிஞ்சுக்கிட்டு இருக்கும்போதே கழட்டின பல்புக்கு நேரா எப்பவும் ஒரே வார்த்தைதான்: உடைச்சாச்சு. எத்தனையோ தடவை அந்த வார்த்தையை நான் எழுதியிருக்கேன்.

இப்போ என் கதைக்கு வரேன். என் வீட்டுக்காரர் திடீர்னு மாரடைப்புல போயிட்டார். மிஞ்சினது அவர் ஓட்டின ஸ்கூல் வேன் ஒண்ணுதான். வித்துடுன்னு எல்லாரும் சொன்னாங்க. அண்ணன் மட்டும்தான், "நீயே ஓட்டு பாப்பா, நான் இருக்கேன்ல?"ன்னான். காலி மைதானத்துல பக்கத்துல உட்கார்ந்து கத்துக் குடுத்தான், லைசென்ஸ் எடுக்கக் கூடவே வந்தான், நான் பாஸானப்போ என்னைவிட அவன்தான் அதிகமா சிரிச்சான். செஞ்சதை இல்லைன்னு சொல்ல மாட்டேன். அந்த நன்றியிலதான் என் கண்ணே மறைஞ்சு போச்சு.

பதினாலு பிள்ளைங்க. காலையில ரெண்டு மணி நேரம், சாயங்காலம் ரெண்டு மணி நேரம். பிள்ளைங்க வண்டியில இருக்குற வரைக்கும், வெயில் கொளுத்தினாலும் ஹெட்லைட் எரியணும்னு ஸ்கூல்ல சட்டம். அதனால எனக்கு பல்பு வேலை அடிக்கடி வரும். போனா அண்ணன் கடைதான். மத்தவங்களுக்குக் கண்ணாடி அலமாரியிலருந்து புதுப் பெட்டியை எடுத்துப் பிரிப்பான். எனக்கு மட்டும் ஸ்டூல் போட்டு ஏறி, மேல் தட்டுல இருக்குற வட்டமான பிஸ்கட் டப்பாவை இறக்குவான். "இது உனக்குன்னு தனியா எடுத்து வெச்சது பாப்பா"ம்பான். எனக்கு நாற்பத்தொரு வயசு. பாப்பான்னு கூப்பிட இன்னும் ஒருத்தர் இருக்காரேன்னு உள்ளுக்குள்ள குளிர்ந்து போவேன். எல்லாரும் குடுக்கிற காசை நானும் குடுத்துட்டு, பின்பக்க வீட்டுலருந்து அண்ணி கொண்டு வர்ற டீயை வாங்கிக்கிட்டு உட்காருவேன். நான் குடிச்சு முடிக்கிறதுக்குள்ள, முதுகைக் காட்டிக்கிட்டு நின்னு மாட்டி முடிச்சு, மூடியையும் போட்டுடுவான். என் வண்டிப் பல்பை ஒரு தடவைகூட நான் கையில வாங்கிப் பார்த்ததில்ல. தொட்டா ஆயுசு குறைஞ்சிடும்னு சொல்லி வெச்சிருந்தானே! நோட்டுலயும் என் வேன் இருக்காது. "வீட்டு வண்டிக்கு எதுக்கு ஜாதகம்?"னுடுவான்.

மூணு மாசத்துல பல்பு போயிடும். சில சமயம் ரெண்டே மாசம். நோட்டுல மத்த வண்டியெல்லாம் ஒரு வருஷம், ஒன்றரை வருஷம்னு இருக்கும், நானே என் கையால எழுதியிருக்கேன். "என் வண்டிக்கு மட்டும் ஏன் அண்ணே இப்படி?"ன்னு கேட்டேன். முதல்ல, நாள் பூரா எரிய விடுறே அதான்னான். அப்படிப் பார்த்தாலும் இது ரொம்பக் கம்மியா இருக்கேன்னேன். "நீ ஓட்டுறது அப்படி. குழியைப் பார்க்காம தொம்முனு இறக்குறே. உள்ளே முடி மாதிரி இழை, அது தாங்குமா? நீங்க பொம்பளைங்க பிரேக்கையும் லேட்டாத்தான் மிதிப்பீங்க"ன்னான். அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு தலையை ஆட்டிட்டு வந்தேன்.

அன்னையிலருந்து குழியைக் கண்டா எனக்கு உதறல். ஊர்ந்து போய், ஒவ்வொரு டயரா இறக்கி, ஒவ்வொரு டயரா ஏத்துவேன். பின்னாடி வர்றவன் ஹாரன் அடிச்சு, முந்திப் போகும்போது வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டுப் போவான். மெதுவாப் போகணும்னா சீக்கிரம் கிளம்பணுமே, அதனால அஞ்சரைக்கு எழுந்துக்கிறவ அஞ்சு மணிக்கு எழுந்துக்க ஆரம்பிச்சேன். முன் சீட்ல ஒரு வாய்க்காரிப் பொண்ணு உட்காருவா, ஏழு வயசு. அவதான் எனக்கு 'ஆமை ஆன்ட்டி'ன்னு பேர் வெச்சா. மத்த பதிமூணும் பிடிச்சுக்கிச்சு. நானும் சிரிச்சுக்குவேன். ஆனா உள்ளே ஒரு குத்தல் இருந்துக்கிட்டேதான் இருந்துச்சு. நமக்கு வண்டி ஓட்டத் தெரியல, வீட்டுக்காரர் பேரைக் கெடுக்கிறோம்னு நாலு வருஷம் நினைச்சுக்கிட்டு ஓட்டினேன்.

அன்னைக்குக் காலையில ஏழே கால் மணி இருக்கும். வானம் கறுத்துப் போய் மழை கொட்டுது. கிளம்பும்போது ரெண்டு லைட்டும் எரிஞ்சுது. முதல் வீட்டு கேட்ல வெளிச்சம் ரெண்டு வட்டமா விழுறதைப் பார்த்துட்டுத்தான் எப்பவும் கிளம்புவேன். ஒன்பது பிள்ளைங்க ஏறினப்புறம், முன்னாடி போன லாரியோட முதுகுல பார்க்கிறேன், ஒரு வட்டம்தான் இருக்கு. இடது பல்பு போயிருச்சு. மாத்தி ஒன்றரை மாசம்தான் ஆகியிருந்துச்சு. ஓரம் கட்ட இடமில்ல, ஸ்கூல் ரெண்டு கிலோமீட்டர்ல இருக்கு. ரயில் பாதைக்கு அடியில போற சுரங்கப் பாதையைத் தாண்டிட்டாப் போதும்னு மெல்ல இறங்கினேன். உள்ளே தண்ணி தேங்கி, குழி எங்கே இருக்குன்னு தெரியல. ஒரு ஆட்டம் ஆடுச்சு. வலது பல்பும் போச்சு.

கும்மிருட்டு. பிரேக்கை மிதிச்சேன். வண்டி தண்ணியில வழுக்கி, சுவரோட உரசிக்கிட்டே போய் நின்னுச்சு. பிள்ளைங்க அலறினது இருக்கே, ஐயோ! அந்த வாய்க்காரி முன் கம்பியில மோவாயை இடிச்சுக்கிட்டா. சட்டையெல்லாம் ரத்தம். அவளைத் தூக்கி மடியில வெச்சு என் துப்பட்டாவால அழுத்திப் பிடிச்சுக்கிட்டேன். "லைட்டை ஏன் ஆன்ட்டி அணைச்சீங்க?"ன்னு அழுதுக்கிட்டே கேட்டா. நாலு தையல் போட்டாங்க. தையல் ஆறிடுச்சு, அந்தக் கேள்வி மட்டும் இன்னும் என் காதுல இருக்கு.

ஸ்கூல்ல வேனை நிறுத்தி வெச்சுட்டாங்க. அடுத்த வாரம் விசாரணை. வண்டியை நான் ஒழுங்காப் பராமரிக்கலன்னு முடிவானா, பிள்ளைங்களை ஏத்துற அனுமதியே போயிடும். அந்த ஸ்கூல்ல மட்டும் இல்ல, விஷயம் தெரிஞ்சா வேற எங்கேயும் சேர்த்துக்க மாட்டாங்க. எனக்குத் தெரிஞ்ச வேலை அது ஒண்ணுதான். இருந்தாலும் நான் பயப்படல. பல்பை எப்போ, எங்கே மாத்துனீங்கன்னு ஃபார்ம்ல கேட்டிருந்தாங்க. அண்ணன் கடையில, அண்ணன் கையால, புது ஜோடின்னு மணி மணியா எழுதிக் குடுத்தேன். ஜாதகம் மாட்டினதுன்னா அதுக்கு மேல யாரு கேள்வி கேக்கப் போறாங்கன்னு தெம்பா இருந்தேன்.

ரெண்டு நாள் கழிச்சு ஸ்கூல் ஆபீஸ் கிளார்க்கம்மா கூப்பிட்டாங்க. "உங்க அண்ணன்கிட்ட விளக்கம் கேட்டிருந்தோம், எழுதிக் குடுத்திருக்கார். படிச்சுட்டு ஒரு கையெழுத்துப் போடுங்க"ன்னாங்க. அதே கோழிக் கிறுக்கல். 'என் கடையில் மாட்டியவை புதிய பல்புகள். புதிய பல்பு ஒன்றரை மாதத்தில் போகாது. என் தங்கை அதன் பிறகு வேறு எங்காவது மலிவான பல்பு வாங்கி மாற்றியிருக்கலாம்.' ரெண்டு தரம் படிச்சேன். மூணாவது தரம் எழுத்தெல்லாம் கலங்கிப் போச்சு. கிளார்க்கம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காருங்க, உட்காருங்க"ன்னாங்க.

அப்போகூட, என் புத்தியைப் பாருங்க, அவன் ஏமாத்துவான்னு எனக்குத் தோணல. பயத்துல உளறியிருக்கான்னுதான் நினைச்சேன். "அந்தப் பல்பைக் குடுங்க. நோட்டுல ஏறலன்னாலும், அண்ணன் கீறின நம்பர் அதுல இருக்கும். வேற கடைப் பல்பு இல்லைன்னு நானே காட்டுறேன்"னேன். ஸ்கூல் மெக்கானிக் ரெண்டையும் கழட்டி ஒரு கவர்ல போட்டு வெச்சிருந்தார். வாங்கி ஜன்னல்கிட்ட போய்த் திருப்பினேன். நம்பர் இருந்துச்சு. ஒண்ணுல 341. இன்னொண்ணுல 318. ஜோடின்னா அடுத்தடுத்த நம்பர்தானே வரணும்?

வீட்டுக்கு ஓடினேன். போன வருஷ நல்ல நோட்டு என் அலமாரியிலதான் இருந்துச்சு. 341: பல் டாக்டர் கார், வலது. ஜோடி 342 போனதால் கழட்டியது. உடைச்சாச்சு. 318: வக்கீலம்மா கார், இடது. ஜோடி 317 போனதால் கழட்டியது. உடைச்சாச்சு. எல்லாம் என் கையெழுத்து. பார்க்க அழகா இருக்கணும்னு அந்த 'உடைச்சாச்சு'வுக்கு அடியில சிவப்பு மையில கோடு வேற போட்டு வெச்சிருந்தேன்.

மத்தியானம் கடைக்குப் போனேன். யாரோட காரோ உள்ளே நின்னுச்சு. அவன் கையுறை போட்டுக்கிட்டு புதுப் பெட்டியைப் பிரிச்சுக்கிட்டு இருந்தான். "வா பாப்பா. டீ குடி"ன்னான், ஒண்ணுமே நடக்காத மாதிரி.

"மேல் தட்டு டப்பாவை இறக்கு"ன்னேன்.

முப்பது நாற்பது வருஷமா 'நீங்க'ன்னு சொன்னவ, அன்னைக்குத்தான் முதல் தடவையா 'நீ'ன்னேன். அவன் கை அப்படியே நின்னுச்சு. நானே ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன். டப்பா இல்ல. தட்டு முழுக்கத் தூசி, டப்பா இருந்த இடம் மட்டும் வட்டமா சுத்தமா இருந்துச்சு. மேலேயே நின்னுக்கிட்டு ரெண்டு நம்பரையும் சொன்னேன். கையுறையைக் கழட்டினான், மெதுவா, ஒவ்வொரு விரலா.

"எரிஞ்சுதா இல்லையா? எரியுற பல்பைத்தானே மாட்டினேன்?"

"அரை உசுருப் பல்புன்னு சொன்னது யாரு? வக்கீலம்மாவுக்கு ஸ்பேராக்கூடத் தர மாட்டேன்னு சொன்னது யாரு? என் முதுகுக்குப் பின்னாடி பதினாலு பிள்ளைங்க உட்கார்ந்திருக்கு!"

"நல்லா எரியுறதை உடைக்க மனசு வரல பாப்பா. வெளியாளுக்குப் போட்டா தப்பு. நீ நம்ம வீட்டு ஆளு."

"வீட்டு ஆளா? அப்போ சும்மாவா குடுத்தே? எல்லார்கிட்டயும் வாங்குறதைத்தானே என்கிட்டயும் கை நீட்டி வாங்கினே? குழியில இறக்குறேன்னியே! நாலு வருஷம்டா! விடியறதுக்கு முன்னாடி எழுந்து, ஊரான்கிட்ட எல்லாம் திட்டு வாங்கிக்கிட்டு ஊர்ந்து போனேன். என்னைப் பார்த்து ஒரு தடவைகூடவா உனக்கு உறுத்தல?"

அவன் சுவர்ல இருக்குற கறுப்புக் கோட்டையே பார்த்துக்கிட்டு நின்னான்.

"ஏன் எனக்கு மட்டும்? அதை மட்டும் சொல்லு, போயிடுறேன்."

"மத்தவங்கன்னா திரும்பி வந்து கேப்பாங்க"ன்னான். "நீ, நான் எது சொன்னாலும் நம்பிடுவே."

அண்ணி உள் வாசல்ல டீயோட நின்னுக்கிட்டு இருந்தாங்க. டீ ஆறிப் போச்சு. நான் கீழே இறங்கி, "நாளன்னைக்குப் பத்து மணிக்கு விசாரணை. வந்து உள்ளதைச் சொல்லிடு. வேற ஒண்ணும் கேக்கல"ன்னேன். "சொன்னா கடை அவ்வளவுதான்"னான். சொல்லலன்னா என் பிழைப்பு அவ்வளவுதான்னேன். உடனே குரலை இறக்கிட்டான். "வேன் போனாப் போகுது பாப்பா. கடைக்கு வந்துடு, நோட்டு எழுதிக்கிட்டு இரு. உன்னை நான் பார்த்துக்க மாட்டேனா?" நான் வெளியே வந்துட்டேன். அண்ணி ஆறின டீயை உள்ளே எடுத்துட்டுப் போனாங்க.

விசாரணைக்கு அவன் வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரின தலை. வந்துட்டானே, வந்துட்டானேன்னு என் மனசு அடிச்சுக்கிச்சு. கூடப் பொறந்தவன், கடைசி நேரத்துல விட்டுட மாட்டான்னு நினைச்சேன். நீள மேசைக்கு அந்தப் பக்கம் தலைமை ஆசிரியை, பக்கத்துல மெக்கானிக், ஓரத்துல அடிபட்ட அந்தப் பொண்ணோட அப்பா. நான் பல்பு ரெண்டையும் நோட்டையும் எடுத்து மேசையில வெச்சேன். தலைமை ஆசிரியை கண்ணாடியை மாட்டிக்கிட்டுப் படிச்சாங்க. "உடைச்சாச்சுன்னு எழுதியிருக்கு. அப்புறம் எப்படி இது வேனுக்குள்ள வந்துச்சு?"ன்னு அவனைக் கேட்டாங்க.

அவன் தொண்டையைக் கனைச்சுக்கிட்டான்.

"உடைக்கிறதுக்குன்னு ஒதுக்கி வெச்சிருந்தேங்க. கடைக்கு அடிக்கடி வந்து போறவ அவ. நோட்டு எழுதுறதும் அவதான், பாருங்க, அவ கையெழுத்து. எந்தப் பல்பு எங்கே இருக்குன்னு அவளுக்குத் தெரியும். எடுத்துட்டுப் போய் அவளே மாட்டியிருப்பா. புருஷன் இல்லாம கஷ்டப்படுற பொண்ணுங்க. பெரிய மனசு பண்ணி மன்னிச்சு விட்டுடுங்க."

மன்னிச்சு விட்டுடணுமாம்! என்னைத் திருடியாக்கிட்டு, எனக்காகக் கெஞ்சுறான்! அந்தப் பொண்ணோட அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில கூனிக் குறுகிப் போயிட்டேன். அண்ணன் என்னைப் பார்க்காம, சட்டைப் பொத்தானைத் திருகிக்கிட்டு உட்கார்ந்திருந்தான்.

கதவைத் தட்டாமலே திறந்துக்கிட்டு அண்ணி உள்ளே வந்தாங்க. வேர்த்து விறுவிறுத்துப் போயிருந்தாங்க. கையில அந்த பிஸ்கட் டப்பா. நேரா வந்து மேசை மேல வெச்சு மூடியைத் திறந்தாங்க. உள்ளே செய்தித்தாள்ல சுத்தின பல்புங்க, பதினொண்ணு. ஒவ்வொரு பொட்டலத்து மேலயும் அதே கோழிக் கிறுக்கல்ல, 'பாப்பா வேன்'னு எழுதியிருந்துச்சு.

"கட்டிலுக்கு அடியில தள்ளி வெச்சிருந்தாருங்க," அண்ணி தலைமை ஆசிரியைகிட்ட சொன்னாங்க. "இன்னும் ஒரு வருஷத்துக்கு ஆகும்னு சேர்த்து வெச்சது." அப்புறம் என் பக்கம் திரும்பினாங்க. "கையுறை துவைக்கிறது நான்தானே பாப்பா. உன் வேன் மட்டும் வந்த அன்னைக்குக் கையுறை அழுக்காகவே ஆகாது. எனக்கு அப்பவே தெரியும். நானும் சொல்லல."

மெக்கானிக் சட்டுனு கவர்ல இருந்த பல்பை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சார். கண்ணாடியில ஒரு விரல் ரேகை கருகிப் போய் அப்படியே படிஞ்சிருந்துச்சு. அந்த இடம் லேசா உப்பியிருந்துச்சு. பெரிய விரல். ஆம்பளை விரல். பழைய பல்பைக் குடுத்ததைக்கூட ஏதோ கஞ்சத்தனம்னு விட்டிருப்பேன். எனக்காக அந்தக் கையுறையை எடுத்துப் போட்டுக்கக்கூட அவனுக்குத் தோணலயே! ஊரான் வண்டிக்கெல்லாம் பார்த்துப் பார்த்துச் செஞ்ச கை அது. அப்போதான் எனக்கு அழுகை வந்துச்சு. அவ்வளவு பேர் முன்னாடி, மூக்கை உறிஞ்சிக்கிட்டு ஓன்னு அழுதேன். அந்தப் பொண்ணோட அப்பா எழுந்து வெளியே போனார். திரும்பி வரும்போது எனக்கு ஒரு டம்ளர் தண்ணி கொண்டு வந்து குடுத்தார்.

அனுமதி போகல. ஒரு லைட் போனதுமே நிறுத்தியிருக்கணும்னு எச்சரிக்கை மட்டும் குடுத்தாங்க, அது நியாயம், வாங்கிக்கிட்டேன். அண்ணன் கடையும் மூடல. பேர் கெட்டுடும்னு பயந்தானே, ஒண்ணும் ஆகல. பல் டாக்டர் இன்னும் அங்கேதான் போறார். அவருக்கு என்ன குறை, அவருக்கு எப்பவும் புதுசுதானே. கொஞ்ச நாள் கழிச்சு அண்ணிகிட்ட ஒரு பெட்டி குடுத்து அனுப்பினான், பிரிக்காத புது ஜோடி, இருக்குறதுலயே ஒசந்தது. வாசல்லயே திருப்பிக் குடுத்துட்டேன்.

வேற கடையில நானே போய் வாங்கினேன். புஸ்தகத்துல இருக்குற வாட்ஸ், சாதாரண வெளிச்சம், ஜோடியா. கையுறை போட்டுக்கிட்டு நானே மாட்டினேன். எல்லாம் அவன் சொல்லிக் குடுத்ததுதான், அத்தனையும் சரியாத்தான் சொல்லியிருக்கான், அதை நினைச்சாத்தான் இன்னும் எரிச்சலா வருது. மாட்டுறதுக்கு முன்னாடி ஊசி எடுத்து வளையத்துல கீறினேன்: 1, 2. இப்போ குழி வந்தா எல்லாரும் ஓட்டுற மாதிரிதான் ஓட்டுறேன். அஞ்சரைக்குத்தான் எழுந்துக்கிறேன். முதல் வாரம் அந்த வாய்க்காரி, "ஆன்ட்டி, தூக்கிப் போடுது!"ன்னு கத்தினா. மோவாய்ல தழும்பு சின்னதா இருக்கு. ஆமைங்கிற பேர் மெல்ல மெல்லக் காணாமப் போயிடுச்சு.

அண்ணி மட்டும் அப்பப்போ வருவாங்க. அவங்களை என்னால வேண்டாம்னு சொல்ல முடியல, முழுசா மன்னிக்கவும் முடியல. போன வாரம் வந்தவங்க, கிளம்பும்போது வாசல்ல நின்னு செருப்பைத் தேடுற மாதிரி தேடிக்கிட்டே, "அவரு உன்னைப் பத்திக் கேட்டுக்கிட்டே இருக்காரு. ஏதாவது சொல்லட்டுமா?"ன்னாங்க.

"சொல்லுங்க அண்ணி"ன்னேன். "நோட்டுல எழுதிக்கச் சொல்லுங்க. நம்பர் ஒண்ணு, நம்பர் ரெண்டு. ஸ்கூல் வேன். அதே ரோடு, அதே குழி, அதே டிரைவர். மாட்டி பதினொரு மாசம் ஆச்சு. ரெண்டும் எரியுது."